வாடகை வட்டுக்கும் ஒரு பதிவு

பலர் சேர்ந்து இணையத்தில் தொகுக்கும் திரைப்பட வட்டுப் பட்டியலில் வாடகை டிவிடிக்கும் இடம் உண்டா? ‘சொந்தமில்லாததை ஏன் சேர்க்க வேண்டும்?’ என்பது சிலரின் கேள்வி.

ஏ.ஆர். ரஹ்மானுக்கு இரண்டு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றுத் தந்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தைப் பார்ப்போம். 2009 மார்ச் 31இல் அமெரிக்காவில் அதன் டிவிடி வெளிவந்தது. ஃபாக்ஸ் நிறுவனம் விற்பனைக்கு ஒன்று, வாடகைக்கு ஒன்று என இரு பதிப்புகளைத் தயாரித்தது. வாடகை வட்டில் விளக்கவுரையும் நீக்கப்பட்ட காட்சிகளும் இல்லை. விற்பனைப் பெட்டிகள் சிலவற்றிலும் தவறுதலாக வாடகை வட்டே அடைபட்டது. நிறுவனமும் அதை ஒப்புக்கொண்டது.

இவ்விரண்டையும் ஒரே பதிவில் கலந்தால் என்னவாகும்? ஒருவர் அட்டையைப் பார்த்து எழுதுவார். மற்றவர் வட்டைப் பார்த்துத் திருத்துவார். பொதுப் பட்டியல் என்பதால் அக்குழப்பம் எல்லாரையும் சென்றடையும்.

பட்டியல் விவரிப்பது உரிமையாளரை அன்று, பதிப்பை. எனவே வாடகைப் பதிப்பை ‘வாடகை’ எனக் குறித்துத் தனியே பதிவதே முறை. கடையில் வாடகைக்கு எடுத்தது சாதாரண விற்பனை வட்டு என்றால் புதிய பதிவு வேண்டியதில்லை. ‘என்னிடம் உள்ளது’ என்ற குறிப்பு மட்டும் சொந்த வட்டுக்கே உரியது.

நெட்ஃபிளிக்ஸ்கூட 2023 செப்டம்பரில் டிவிடி வாடகையை நிறுத்திவிட்டது. கடைகளில் விற்கப்படாத அப்பதிப்புகளை நாளை அடையாளம் காண, இன்று நாம் எழுதும் பதிவே துணை நிற்கும்.