வகுப்பறையில் கண்ணயரும் மாணவர்கள்: வளரிளம் பருவத்தினரின் உறக்கத்திற்குப் பள்ளிகள் என்ன செய்யலாம்?

கொச்சி: முதல் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்க்கும் மாணவரைச் சோம்பேறி எனக் கடிந்துகொள்வது பள்ளிகளில் நெடுநாளைய வழக்கம். ஆனால், வளரிளம் பருவத்தில் உறக்கம் வரும் நேரமே இயல்பாகத் தள்ளிப்போகிறது என்கிறது மருத்துவ அறிவியல். பள்ளி நேரம் குறித்துக் கேரளத்தில் விவாதம் நீடித்துவரும் நிலையில், மாணவர்களின் உறக்கத்தைக் காப்பதில் பள்ளிகளின் பங்கு என்ன என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

எவ்வளவு உறக்கம் தேவை?

13 முதல் 18 வயது வரையிலானோர் நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரம் உறங்க வேண்டும் என அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. இருள் சூழ்ந்ததும் மூளையில் சுரக்கும் மெலடோனின் என்னும் ஹார்மோன், உறங்கும் நேரம் வந்துவிட்டது என உடலுக்கு உணர்த்துகிறது. பருவமடையும் காலத்தில் இந்தச் சுரப்பு முன்பைவிடத் தாமதமாகத் தொடங்குகிறது. எனவே, இரவு 9 மணிக்கே உறங்கிய சிறுவன் 15 வயதில் 11 மணி வரை விழித்திருப்பதற்குப் பிடிவாதம் மட்டுமே காரணம் அன்று. கைபேசித் திரையின் ஒளியும், முடிவின்றி வரும் காணொலிகளும் இத்தாமதத்தை மேலும் நீட்டிக்கின்றன.

இரவு 11.30 மணிக்கு உறங்கி, பள்ளிப் பேருந்தைப் பிடிக்கக் காலை 6 மணிக்கு எழும் மாணவருக்குக் கிடைப்பது ஆறரை மணி நேர உறக்கமே. குறைந்தபட்சத் தேவையான 8 மணி நேரத்துடன் ஒப்பிட்டால், ஐந்து பள்ளி நாட்களில் ஏழரை மணி நேரம் குறைகிறது. அதாவது, வாரந்தோறும் ஏறத்தாழ ஓர் இரவு உறக்கத்தை அவர் இழக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நண்பகல் வரை உறங்குவது இதற்குத் தீர்வாகாது; அது உடல் கடிகாரத்தை மேலும் குழப்பித் திங்கட்கிழமை காலையைக் கடினமாக்குகிறது.

காக்கநாட்டின் சூழல்

எர்ணாகுளம் மாவட்டத் தலைமையிடமான காக்கநாடு, இன்ஃபோபார்க் தொழில்நுட்பப் பூங்கா 2004-இல் செயல்படத் தொடங்கிய பின்னர் வேகமாக வளர்ந்த பகுதி. வெளிநாட்டு நிறுவனங்களின் நேரத்திற்கேற்பப் பணிபுரியும் பெற்றோர் உள்ள வீடுகளில் இரவு விளக்குகள் தாமதமாகவே அணைகின்றன. காலை நெரிசலுக்கு முன்பே புறப்படும் பள்ளி வாகனங்கள், மாலை நேர டியூஷன், நுழைவுத்தேர்வுப் பயிற்சி ஆகியவை சேரும்போது மாணவரின் நாள் இருபுறமும் நீள்கிறது. இடையில் சுருங்குவது உறக்கமே.

பள்ளி மணியை மாற்றுவது எளிதா?

கேரள அரசு 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம், 8 முதல் 10-ஆம் வகுப்பு வரையிலான பள்ளி நேரத்தை வெள்ளிக்கிழமை நீங்கலாக அரை மணி நேரம் நீட்டித்தது. அதன்படி வகுப்புகள் காலை 9.45 மணிக்குத் தொடங்கி மாலை 4.15 மணிக்கு முடிகின்றன. காலையில் 15 நிமிடம் முன்னதாகத் தொடங்குவது மதரசா வகுப்புகளைப் பாதிக்கும் என சமஸ்தா அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. முன்னதாக, பள்ளிக் கல்விச் சீர்திருத்தம் குறித்து ஆராய்ந்த காதர் குழு, வகுப்புகளைக் காலை 8 மணிக்கே தொடங்கலாம் எனப் பரிந்துரைத்திருந்தது. கால் மணி நேர மாற்றம்கூட எத்தனை தரப்பினரைத் தொடுகிறது என்பதற்கு இவ்விவாதமே சான்று.

மகாராஷ்டிர அரசு 2024 பிப்ரவரியில், மழலையர் வகுப்பு முதல் 4-ஆம் வகுப்பு வரை காலை 9 மணிக்கு முன் வகுப்புகளைத் தொடங்க வேண்டாம் என அறிவுறுத்தியது. ஆயினும், இரவில் இயல்பாகவே தாமதமாக உறங்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இதன் வரம்பில் இல்லை.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016-ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரம் காலை 7.50 மணியிலிருந்து 8.45 மணிக்கு மாற்றப்பட்டது. இதனால் மாணவர்களின் உறக்கம் நாளொன்றுக்கு 34 நிமிடம் அதிகரித்ததாக 2018-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. கலிபோர்னியா மாநிலத்தில், ஊரகப் பகுதிகள் நீங்கலாக, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்னும் சட்டம் 2022 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது.

கேரள அரசுப் பள்ளிகள் இந்த வரம்பைவிடத் தாமதமாகவே தொடங்குகின்றன. ஆயினும், அதிகாலை டியூஷனும் நீண்ட பேருந்துப் பயணமும் இருந்தால் அந்தப் பயன் மாணவரைச் சென்றடையாது. ஆகவே, மணியை மாற்றுவதுடன் பள்ளியின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை.

பள்ளிகள் செய்யக்கூடியவை

வீட்டுப்பாடங்களையும் அறிவிப்புகளையும் இரவு நேரத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புவதைத் தவிர்க்கலாம். பாடங்களை ஒப்படைக்கும் கெடுவை நள்ளிரவுக்குப் பதிலாக மாலை நேரத்திற்கு மாற்றலாம். ஒரே நாளில் பல பாடங்களுக்குத் தேர்வு வராதபடி ஆசிரியர்கள் கலந்துபேசித் திட்டமிடலாம்.

இரண்டு வாரங்களுக்கு உறங்கிய, விழித்த நேரங்களைக் குறித்துவைக்கும் உறக்க நாட்குறிப்பை அறிவியல் வகுப்பின் செய்முறையாகவே நடத்தலாம். காலை வெயிலில் உடற்பயிற்சி செய்வது உடல் கடிகாரத்தைச் சீராக்க உதவும். மாலைக்குப் பின் தேநீர், காபி, ஊக்க பானங்களைத் தவிர்ப்பதும், கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பதும் பெற்றோர் கூட்டங்களில் வலியுறுத்தப்பட வேண்டியவை. அறிவுரை மட்டும் கூறிவிட்டு வீட்டுப் பழக்கத்தை மாற்றாவிட்டால் பலன் நீடிக்காது.

இதற்கெனப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. 2020 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டத்தின்கீழ், ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்கள் நலத் தூதர்களாகப் பயிற்சி பெற வழிவகை உள்ளது. மனநலமும் இணையத்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவதும் அதன் 11 தலைப்புகளில் அடங்கும்.

எப்போது உதவி நாட வேண்டும்?

உரத்த குறட்டை, வாரக்கணக்கில் நீடிக்கும் உறக்கமின்மை, காரணமற்ற எரிச்சல், திடீரென மதிப்பெண் குறைவது, நண்பர்களிடமிருந்து ஒதுங்குவது ஆகியவை கவனத்திற்குரிய அறிகுறிகள். இவற்றின் பின்னணியில் மூச்சுத் தடையோ, பதற்றமோ, மனச்சோர்வோ இருக்கலாம். அத்தகைய மாணவரைத் தண்டிப்பதற்குப் பதிலாகப் பள்ளி ஆலோசகரிடமும், தேவைப்பட்டால் மருத்துவரிடமும் அனுப்ப வேண்டும். மருத்துவர் ஆலோசனையின்றி உறக்க மாத்திரை கொடுப்பது ஆபத்தானது.

மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, கேரள அரசின் திஷா உதவி எண் 1056 ஆகியவற்றைத் தொடர்புகொள்ளலாம்.