ஆணியில் தொங்கும் தமிழகம்

தேனி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் நடுநிலைப்பள்ளிக்கு அண்மையில் நாம் சென்றிருந்தோம். ஏழாம் வகுப்புக்கு நம்மை அழைத்துச் சென்ற தலைமையாசிரியர், "பிள்ளைகளை ஏதாவது கேளுங்கள்" என்றார். கேட்டோம். "தமிழ்நாட்டின் இயற்கைப் பிரிவுகள் யாவை?"

முன்வரிசைச் சிறுவன் எழுந்தான். மூச்சு விடாமல் ஒப்பித்தான். மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்குத் தொடர்ச்சி மலை, பீடபூமி, கடற்கரைச் சமவெளி, உள்நாட்டுச் சமவெளி — ஐந்தும் சரி, வரிசைகூடப் பிறழவில்லை! மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சி அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை. சன்னலுக்கு வெளியே, வானத்தில் பாதியை மறைத்தபடி, நீலமாக நின்றுகொண்டிருந்தது ஒரு மலை.

"அதோ தெரிகிறதே, அது என்ன?"

"மலை சார்."

"என்ன மலை?"

விழித்தான். பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி அவனுக்கு உதவிக்கு வந்தாள்: "எங்க ஆடு மேயிற மலை சார்!"

சிரிப்பு எழுந்தது. நாமும் சிரித்தோம். ஆனால், பள்ளியை விட்டு வந்த பிறகும் அந்த விடை நம்மை விடவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை அவர்களுக்குப் புத்தகத்தில் இருக்கிறது. சன்னலுக்கு வெளியே இருப்பது வேறு ஏதோ ஒன்று. சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட நிலப்படத்திலுள்ள தமிழகம் ஒன்று. காலுக்கடியில் கிடக்கும் தமிழகம் மற்றொன்று. இரண்டும் ஒன்றுதான் என்று அந்தப் பிள்ளைகளுக்கு எவரும் காட்டவில்லை!

"இப்போதுதான் கருவிகள் வந்துவிட்டனவே" என்பார்கள். வந்திருக்கின்றன; மறுக்கவில்லை. அந்த வகுப்பிலும் ஒரு திறன்பலகை இருந்தது. தூசு படாமல் துணி போர்த்தியிருந்தார்கள். 2018 முதல் வந்த பாடநூல்களில், கைப்பேசியைக் காட்டினால் காட்சி விரியும் குறியீடுகள் அச்சாகியிருக்கின்றன. நம் இளமையில் கனவிலும் காணாதவை இவை. நாம் படித்தபோது பூகோளம் என்றால் ஒரு பிரம்பு, ஒரு படம், 'கோதாவரி எங்கே?' என்று ஓர் அதட்டல் — அவ்வளவுதான்.

ஆனால், கருவி வந்தால் கல்வி வந்துவிடுமா? துணியை விலக்கிப் பலகையை ஒளிரவிட்டார் ஆசிரியர். தோன்றியது என்ன? பாடநூலின் அதே பக்கம், பெரிய எழுத்தில்! பிள்ளைகள் பார்த்தார்கள், குனிந்தார்கள், எழுதினார்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதிய தலைமுறை போய், வெண்பலகையைப் பார்த்து எழுதும் தலைமுறை வந்திருக்கிறது. நிறம் மாறியது, வேறென்ன மாறியது?

ஆசிரியர்மீது பழி போடுவது எளிது, நாம் போடமாட்டோம். ஒருவரே மூன்று பாடம் நடத்துகிறார். வருகைப் பதிவு முதல் நலத்திட்டக் கணக்கு வரை அத்தனையையும் கைப்பேசியில் ஏற்றுகிறார். மின்சாரம் இருந்தால் இணையம் இல்லை. இணையம் வந்தால் மணி அடித்துவிடுகிறது. கருவியைக் கொண்டுவந்து பொருத்தியவர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதைக்கொண்டு நிலத்தை எப்படிக் கற்பிப்பது என்று அமர்ந்து சொல்லித் தர எவருக்கு நேரமிருந்தது?

எப்படிக் கற்பிக்கலாம்? ஒரே ஒரு பாடத்தை மட்டும் இங்கே விரித்துச் சொல்கிறோம்.

பூமியை விண்ணிலிருந்து காட்டும் 'கூகுள் எர்த்' 2005ஆம் ஆண்டிலும், நம் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் 'புவன்' 2009ஆம் ஆண்டிலும் வந்தன. கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்து, உதகையில் தொடங்கி ஈரோடு, திருச்சி, தஞ்சை வழியாக நாகப்பட்டினம் வரை ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். அந்தக் கோட்டின் கீழுள்ள நிலத்தின் ஏற்ற இறக்கத்தை வெட்டுமுகமாக வரைந்து காட்டும் வசதி அதில் இருக்கிறது. ஆசிரியர் இழுக்கவேண்டாம், பிள்ளை இழுக்கட்டும்.

என்ன தெரியும்? தொடக்கத்தில் கோடு 2,200 மீட்டர் உயரத்தில் நிற்கும். பிறகு கூரையிலிருந்து குதிப்பதுபோல் விழும். 'மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் பல்சக்கரம் கோத்து ஏறுகிறதே மலை இரயில், 46 கிலோமீட்டரில் 326 மீட்டரிலிருந்து 2,203 மீட்டருக்கு, அது இந்தச் சரிவில்தான்' என்று சொன்னால் பிள்ளை மறக்குமா? விழுந்த கோடு கொங்கு நாட்டு மேட்டில் சற்றுத் தங்கும். பிறகு மெல்ல, மெல்லச் சரியும். திருச்சியைத் தாண்டியதும் பாய் விரித்ததுபோல் படுத்துவிடும். மலை, பீடபூமி, சமவெளி, கடற்கரை — மனப்பாடம் செய்த சொற்கள் அத்தனையும் ஒரே கோட்டில்! திருச்சிக்குக் கிழக்கே காவிரி ஏன் கிளை கிளையாய்ப் பிரிகிறது என்று இனிப் பிள்ளையே சொல்லும். சரிவு தீர்ந்துவிட்டது, வேகம் குறைந்துவிட்டது, அதுவரை சுமந்து வந்த வண்டலை இறக்கி வைக்கிறது ஆறு. தஞ்சைக் களஞ்சியம் அந்த வண்டலில் விளைந்தது.

இங்கே ஒரு பழங்கதையையும் சேர்த்துச் சொல்லலாம், கதையல்ல, நடந்தது. இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும்பணிக்கான அடிக்கோட்டை 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலை அருகேதான் அளக்கத் தொடங்கினார் லாம்டன். மலைக்கு மலை ஏறிக் கோணம் பார்ப்பது அவர் முறை. 1808இல் தஞ்சைக்கு வந்தார், தயங்கி நின்றார். ஏறிப் பார்க்க மலை இல்லை! என் செய்வார்? அரை டன் எடையுள்ள தம் கோணமானியைத் தஞ்சைக் கோயில் கோபுரத்தின்மேல் ஏற்றினார். கயிறு அறுந்தது, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது, வாரக்கணக்கில் உட்கார்ந்து பழுது பார்த்தார். 'ஏன் கோபுரம்?' என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அந்தப் படுத்த கோட்டைக் கண்டவர்கள் பட்டென்று விடை சொல்வார்கள்.

கோட்டின் கடைசி முனையை நாம் மறந்துவிடக்கூடாது. நாகையில் அது தரையோடு தரையாய், கடல் மட்டத்தைத் தொட்டபடி கிடக்கும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்தக் கரையில் வாழும் பிள்ளைக்குத் தன் ஊரின் உயரம் எவ்வளவு, பக்கத்தில் மேடு எந்தத் திசையில் என்பது தேர்வுக்குரிய இரண்டு மதிப்பெண் கேள்வியா?

அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் ஓர் ஆங்கிலச் சிறுமி, பத்து வயதுக்காரி, பெற்றோருடன் உலவிக்கொண்டிருந்தாள். கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள், அலறினாள். இரண்டு வாரத்துக்கு முன்புதான் புவியியல் வகுப்பில் ஹவாய்த் தீவில் எழுந்த ஆழிப்பேரலையின் படத்தை ஆசிரியர் போட்டுக் காட்டியிருந்தார். சிறுமியின் பேச்சைக் கேட்டுக் கரையிலிருந்தவர்களை அகற்றினார்கள். ஏறத்தாழ நூறு பேர் பிழைத்தார்கள். ஒரு வகுப்பு, ஒரு படம்! 'நுட்பக் கருவியெல்லாம் வீண் ஆடம்பரம்' என்று சொல்லும் நண்பர்களுக்கும் இதைச் சொல்லி வைக்கிறோம்.

இன்னும் எத்தனையோ உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயை விண்படத்தில் பார்த்தால் காற்றாலைகள் வெள்ளைப் புள்ளிகளாய்ச் சிதறிக் கிடக்கும். 'காற்றாலை ஏன் இங்கே வந்து குவிந்தது?' என்று கேட்டால், மலை வழிவிட்ட இடத்தில் காற்று நுழைகிறது என்பது விளங்கும். கோவைப் பக்கத்துப் பிள்ளைக்குப் பாலக்காட்டுக் கணவாய் அப்படியே. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துச் செந்நிறத் தேரிகளைப் பாருங்கள். பாலைவனமோ என்று மயங்கும் அந்த மணல்மேடுகளைப் பற்றி எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? நிலத்தைப் பார்த்துக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று பிரித்து, அந்தந்த நிலத்து மக்களின் வாழ்வையும் அதனோடு வைத்து எண்ணிய தொல்காப்பியத்தின் மொழியைப் பேசுகிறவர்கள் நாம். அந்தப் பெயர்களும் இன்று கோடிட்ட இடத்தை நிரப்பத்தான் பயன்படுகின்றன.

சென்னைப் பிள்ளைகளுக்கு வேறு பாடம் உண்டு, கசப்பான பாடம். 1984 தொடங்கி ஆண்டுவாரியாக நிலம் மாறிய காட்சியை இப்போது திரையில் ஓட்டிப் பார்க்க முடிகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை வைத்து ஓட்டட்டும். பச்சையும் நீலமும் சுருங்கிக் கட்டடமும் குப்பையும் பரவுவதைக் காணும் பிள்ளை, 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றித் தானாகவே கேள்வி கேட்கும். சில பெரியவர்களுக்கு அந்தக் கேள்வி பிடிக்காமல் போகலாம். போகட்டும்!

பாடநூலின் எண்களையும் அப்படியே விழுங்கச் சொல்லக்கூடாது. இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516 கிலோமீட்டர் என்று படித்து வந்தோம். அண்மை ஆண்டுகளில் மீண்டும் அளந்து 11,098 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். கடலா வளர்ந்தது? இல்லை, முன்பு பார்த்தது சிறிய படம், பிறகு பார்த்தது நுணுக்கமான படம். வளைவு நெளிவெல்லாம் கணக்கில் வந்தன. இதற்குக் கணினியும் வேண்டாம். ஒரு நூலும் இரண்டு நிலப்படங்களும் போதும். இரண்டிலும் நூலை வளைத்து வைத்துப் பிள்ளையே அளந்து பார்க்கலாம்.

நாம் கேட்பது பெரிதல்ல. பழுதானால் பார்க்க ஓர் ஆள். இணையம் இல்லாத ஊருக்கு முன்கூட்டியே இறக்கி வைத்த படங்கள். அந்தந்த மாவட்டத்து நிலத்தை வைத்து எழுதிய பயிற்சித்தாள். ஆசிரியருக்குப் பதிவுவேலை இல்லாத இரண்டு பாடவேளை. பலகை வாங்கப் பணம் கண்டவர்களுக்கு இதற்கு வழி காண முடியாதா?

அந்தத் தேனிப் பள்ளியின் கதையை முடிக்கவில்லை. நாம் விடைபெறும் நேரத்தில், ஆசிரியர் தம் சொந்தக் கைப்பேசியின் இணையத்தைப் பலகையோடு இணைத்து, ஊரைத் தேடிக் காட்டினார். கோயில் தெரிந்தது, குளம் தெரிந்தது. ஆடு மேய்க்கும் வீட்டுச் சிறுமி எழுந்து வந்து மலையைத் தொட்டாள். விரலை மேற்கே நகர்த்தினாள். இந்தப் பக்கம் பழுப்பு. உச்சியைத் தாண்டியதும் ஒரே பச்சை!

"சார், அந்தப் பக்கம் மட்டும் ஏன் சார் இவ்வளவு பச்சை?"

விரல் இன்னும் நகர்ந்தது. மலைகளுக்கிடையே கைவிரித்தாற்போல் ஓர் ஏரி. "அதுதாம்மா பெரியாறு அணை. 1895இல் கட்டி முடித்தது. அந்தப் பக்கத்து மழைதான் மலையைக் குடைந்து நம்ம வாய்க்காலுக்கு வருது" என்றார் ஆசிரியர்.

"மலைக்குள்ளேயா?" என்று வகுப்பே எழுந்து நின்றது. மணி அடித்துவிட்டது. கணக்காசிரியர் வாசலில் வந்து நின்றார்; "எந்த இடம், காட்டுங்கள்" என்று அவரும் உள்ளே வந்தார்.