உங்களுக்குத் தெரியுமா? கணக்குக்கு மசியாத சீஸ் பாக்டீரியா!

சீஸ் தயாரிக்கப் பாலைப் புளிக்கவைக்கும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி 2001-இல் வெளியானது. அதை வைத்து, பாக்டீரியாவின் உடலில் நடக்கும் 600-க்கும் மேற்பட்ட வேதிவினைகளை வரவு-செலவுக் கணக்குபோல் எழுதி, 2005-இல் கணினி மாதிரி உருவாக்கினார்கள்.

ஒரு குளுக்கோஸ் மூலக்கூற்றை லாக்டிக் அமிலமாக மட்டும் மாற்றினால் பாக்டீரியாவுக்குக் கிடைப்பது 2 ஏ.டி.பி. ஆற்றல் மூலக்கூறுகள். அசிட்டிக் அமிலம், ஃபார்மிக் அமிலம், எத்தனால் எனப் பிரித்துச் செய்தால் 3. வரவை மட்டும் பார்க்கும் கணினி இரண்டாம் வழியையே காட்டும். ஆனால், சர்க்கரை தாராளமாக இருந்தால் பாக்டீரியா பிடிப்பதோ முதல் வழி! லாபம் குறைந்த அந்த வழியில் பிறக்கும் லாக்டிக் அமிலம்தான் பாலைத் திரளவைக்க உதவுகிறது.