விமானத்தைப் படம் பிடிக்க லட்ச ரூபாய் லென்சு தேவையா? பழைய "300" போதும், பஸ் ஏறத் தயாராக இருந்தால்!

ஆலங்குளம்,

"வெள்ளைக் கோடு போட்டுக்கிட்டுப் போற பிளேனைப் பக்கத்துல இருக்கிற மாதிரி பிடிக்கணும் அண்ணாச்சி. எந்த லென்சு வாங்கலாம்?"

கேமரா கையில் உள்ள வாலிபர்கள் ஸ்டூடியோ வாசலில் கேட்கும் கேள்வி இது. பதில் சொல்கிறவர் நல்லவராக இருந்தால் பணம் தப்பும். விற்கிற அவசரத்தில் இருப்பவராக இருந்தால் பல மாதச் சம்பளம் போய்விடும்!

இது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். அரசு சிமெண்டு ஆலை இருக்கிற ஊர். (தென்காசி பக்கத்து ஆலங்குளம் வேறு.) சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் வரைபடத்தில் ஒரு நேர்கோடு போட்டால், அது ஏறக்குறைய இந்த வட்டாரத்தின் தலைக்கு மேல்தான் போகும். மழைக்காலம் தவிர மற்ற நாளில் மேகமும் குறைவு. அண்ணாந்து பார்த்தால் விமானம் தெரிகிறது. ஆசை வருவதில் அதிசயம் இல்லை.

ஆனால் தெரிவது வேறு, படத்தில் விழுவது வேறு.

ஒரு அங்குலம் தேறாது!

உயரத்தில் பறக்கும் பயணிகள் விமானம் 35 ஆயிரம் அடியில் போகிறது என்று வையுங்கள். 10 கிலோ மீட்டருக்கும் கூடுதல். ஏர்பஸ் ஏ-320 விமானத்தின் நீளம் 37½ மீட்டர். நேராகத் தலைக்கு மேல் வரும்போது 300 மி.மீ. லென்சு வைத்துப் பிடித்தால், கேமராவின் உள்ளே இருக்கும் சென்சாரில் அந்த விமானம் விழும் அளவு 1 மி.மீட்டர் மட்டுமே! சாதாரண கேமராவில் சென்சாரின் அகலம் 23½ மி.மீ. அதாவது, படத்தின் அகலத்தில் 22-ல் ஒரு பங்கு.

சிவகாசி அச்சகத்துக்காரர்களுக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், 24 மெகா பிக்சல் கேமராவில் அந்த விமானத்துக்குக் கிடைப்பது 270 புள்ளிகள். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி கேட்பார்கள். ஆக, ஒரு அங்குலம்கூடத் தேறவில்லை. பட்டாசு லேபிளின் மூலையில் ஒட்டலாம். காலண்டருக்கு ஆகாது.

சரி, 600 மி.மீ. லென்சு வாங்கினால்? இரண்டு மடங்கு. 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவுதான்! ஏறக்குறைய 2 கிலோ எடையுள்ள லென்சைத் தூக்கி, லட்சத்தைத் தொடும் பணத்தைக் கொட்டியும் கிடைப்பது இதுதான். திருவனந்தபுரம் விமானம் இங்கே வரும்போது இறங்கத் தொடங்கியிருக்கலாம். அப்போதும் உயரம் பல கிலோ மீட்டர். கணக்கு பெரிதாக மாறாது.

கிட்டப் போனால்...

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வேடிக்கை!

விமானம் 1 கிலோ மீட்டர் தூரத்தில் இருந்தால், அதே 300 மி.மீ. லென்சில் ஏ-320 விமானம் பாதிப் படத்தை நிரப்பும். அச்சுக்கு 9 அங்குலத்துக்கு மேல் தேறும். 300 மீட்டர் தூரத்தில் வந்தாலோ, 300 மி.மீ. அதிகம்! 200-ல் வைத்தாலே மூக்கோ வாலோ வெட்டுப்படும். 150-க்கு இழுத்துக்கொள்ள வேண்டும். 27 மீட்டர் நீளமுள்ள சின்ன ஏ.டி.ஆர். விமானம் 200-ல் அழகாக அடங்கும்.

இறங்க வரும் விமானம் வழக்கமாக 3 டிகிரி சரிவில் வரும். தரை தொடும் இடத்துக்கு 2 கிலோ மீட்டர் முன்னால் அதன் உயரம் சுமார் 350 அடி. 1 கிலோ மீட்டரில் 170 அடி. தென்னை மரத்துக்கு மேலே போகிற மாதிரிதான்.

மதுரை விமான நிலையம் அவனியாபுரத்தை அடுத்து, ரிங் ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏ.டி.ஆர்., ஏ-320 எல்லாம் வந்து போகின்றன. தூத்துக்குடி வாகைக்குளத்தில் முன்பு ஏ.டி.ஆர். மட்டும்தான் இறங்க முடியும். 1,350 மீட்டர் ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்த பிறகு பெரிய விமானங்களுக்கும் வழி பிறந்திருக்கிறது.

ஆக, லென்சின் நீளத்தைக் கூட்டுவதைவிட பஸ் டிக்கெட் எடுப்பது மலிவு!

விலை எதனால் ஏறுகிறது?

நீளத்தால் மட்டும் அல்ல. வாயால்! 300 மி.மீ., எப் 2.8 என்று போட்ட லென்சுக்கு முன்கண்ணாடி குறைந்தது 107 மி.மீ. அகலம் வேண்டும். எப் 5.6 என்றால் 54 மி.மீ. போதும். கண்ணாடி பெரிதானால் எடையும் விலையும் எகிறும். கிரிக்கெட் மைதானத்தில் பார்க்கிற 600 மி.மீ. எப் 4 வகை 3 கிலோவுக்கு மேல். விலை பல லட்சம்.

அகல வாய் எதற்கு? இருட்டில் படம் எடுப்பவர்களுக்கு. விருதுநகர் வெயிலில் அதற்கு என்ன வேலை? பிலிம் காலத்து ஸ்டூடியோக்காரர்களுக்குத் தெரிந்த பழைய கணக்குப்படி, நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 400, எப் 8 என்று வைத்தால் ஷட்டர் வேகம் ஒரு வினாடியில் 1,600-ல் ஒரு பங்கு கிடைக்கும். ஜெட் விமானத்தை அசையாமல் நிறுத்த 1,000-ல் ஒரு பங்கே போதும். இந்த ஊரில் வெளிச்சத்துக்குக் காசு கொடுக்க வேண்டியது இல்லை.

எதை வாங்கலாம்?

கேனான் கேமரா வைத்திருப்பவர்களுக்கு 55-250 மி.மீ., ஐ.எஸ்., எஸ்.டி.எம். என்று போட்ட லென்சு. எடை 400 கிராம்கூட இல்லை. நிக்கான்காரர்களுக்கு ஏ.எப்.-பி. 70-300, வி.ஆர். ஐ.எஸ்., வி.ஆர். என்பது கை நடுக்கத்தை அடக்கும் ஏற்பாடு. நிக்கானின் இதே லென்சு வி.ஆர். இல்லாமலும் வந்திருக்கிறது. பார்த்து வாங்க வேண்டும். கேமராவுடன் ஜோடி சேர்த்துத் தள்ளிவிடப்படும் கேனான் 75-300-ல் நடுக்கம் அடக்கும் வசதி இல்லை. நீள முனையில் படம் மொழுக்கென்று இருக்கும். சும்மா கொடுத்தால் வாங்கலாம்.

கல்யாண போட்டோகிராபர்கள் பலர் புது ரக கண்ணாடி இல்லா கேமராவுக்கு மாறிவிட்டதால், பழைய லென்சுகள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. வாங்குகிறவனுக்கு நல்ல காலம்!

இதற்கு மேல் ஆசை உள்ளவர்களுக்கு டாம்ரான், சிக்மா கம்பெனிகளின் 150-600 இருக்கிறது. நிக்கானில் 200-500. ஒரு நாளைக்கு மட்டும் தேவை என்றால் பெரிய ஊர்களில் வாடகைக்கே கிடைக்கும். வாங்கிப் பெட்டியில் பூட்டுவதற்கு அது எவ்வளவோ மேல்.

ஏமாற்றும் சரக்கு!

ஆன்லைனில் "420-800 மி.மீ." என்று ஒரு நீளக் குழாய் மலிவு விலைக்கு வரும். பெயரைக் கேட்டால் பீரங்கி மாதிரி இருக்கும். ஆனால் தானாக போகஸ் ஆகாது. நீள முனையில் அதன் வாய் எப் 16. உள்ளே பார்த்தால் அந்திப்பொழுது மாதிரி இருட்டு. ஓடும் விமானத்தை அதில் கையால் போகஸ் செய்வதற்குள் விமானம் கொழும்பு போய்ச் சேர்ந்துவிடும்!

"2 எக்ஸ் கன்வெர்ட்டர்" இன்னொரு ஆசை காட்டும் சரக்கு. 300-ஐ 600 ஆக்கும், உண்மைதான். கூடவே எப் 5.6-ஐ எப் 11 ஆக்கிவிடும். பல கேமராக்களில் போகஸ் திணறி நின்றுவிடும்.

நிக்கான் டி-3000, டி-5000 வரிசைக் கேமராக்களில் போகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய லென்சை அதில் மாட்டினால் கையால்தான் திருப்ப வேண்டும். "மலிவா இருந்துச்சு, வாங்கிட்டேன்" என்று தலையில் கை வைக்கும் இடம் இதுதான். வாங்குகிற லென்சை உங்கள் கேமராவிலேயே மாட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

டார்ச் அடித்துப் பாருங்கள்!

பழைய லென்சின் ஒரு பக்கம் டார்ச் அடித்து, மறுபக்கம் வழியாகப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் அது பூஞ்சணம். கடலோர ஊர்களில் இருந்து வரும் சரக்கில் இது சகஜம். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் கைகொடுத்த இந்தப் பக்கத்து வறண்ட காற்று லென்சுக்கும் நல்லதுதான். இங்கே எதிரி தூசி. ஜூம் செய்யும்போது நீண்டு சுருங்கும் லென்சு, துருத்தி மாதிரி தூசியை உள்ளே இழுக்கும். சிமெண்டு லாரி போகிற ரோட்டோரம் நின்று லென்சைக் கழற்றி மாட்டுகிறவர்களை என்ன சொல்வது!

பிறகு, தூரத்து மின்கம்பம் ஒன்றை நீள முனையில் வைத்து எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். இடது ஓரம் தெளிவாகவும் வலது ஓரம் மங்கலாகவும் இருந்தால் லென்சு எங்கோ கீழே விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

"ராணுவ வீரர்" மோசடி

செல்போனில் விளம்பரம். பாதி விலைக்கு லென்சு. "நான் ராணுவத்துல இருக்கேன், டிரான்ஸ்பர் ஆயிடுச்சு, அவசரமா விக்கிறேன்" என்பார் ஆசாமி. அடையாள அட்டைப் படமும் வரும். முன்பணம் அனுப்பியதும் போன் அணைந்துவிடும். நாடு முழுக்க பலர் ஏமாந்த பழைய தந்திரம் இது. ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணம் முடக்கப்பட வாய்ப்பு.

பில் இல்லாத லென்சு திருட்டுச் சாமானாகவும் இருக்கலாம். தெரிந்தே வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவு காத்திருக்கிறது. லென்சில் உள்ள வரிசை எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பது நல்லது.

வாங்கியாச்சு, அப்புறம்?

உச்சி வெயிலில் போகாதீர்கள். சூடான கரிசல் மண்ணிலும் ஓடுபாதையிலும் கானல் அலை எழும்பும். அதன் வழியாக எடுத்தால் விமானம் தண்ணீருக்குள் தெரிவது மாதிரி நெளியும். இதற்கு எந்த லட்ச ரூபாய் லென்சிலும் மருந்து இல்லை. நீள லென்சு விமானத்தோடு கானலையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். காலையும் மாலையுமே நல்ல நேரம்.

ஏ.டி.ஆர். விமானத்துக்கு விசிறி உண்டு. 1,000-ல் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தால் விசிறி நின்றுபோனது மாதிரி இருக்கும். பார்ப்பவர்கள் பதறுவார்கள்! 250-ல் ஒரு பங்குக்கு இறக்கி, விமானத்தோடு கேமராவையும் சேர்த்து ஓட்டிக்கொண்டே அழுத்த வேண்டும். நடுக்கம் அடக்கும் வசதி கைகொடுப்பது இங்கேதான். பழகுவதற்குக் கண்மாயில் பறக்கும் கொக்கும் வானத்தில் வட்டமிடும் பருந்தும் போதும். அவை டிக்கெட் கேட்பதில்லை.

சென்னை மெரினாவில் 2024 அக்டோபர் 6-ந்தேதி விமானப்படை சாகசம் நடந்தது. சூரியகிரண் அணியின் விமானம் 12 மீட்டர் நீளம்தான். அரை கிலோ மீட்டரில் வந்தால் 300 மி.மீ. லென்சில் மூன்றில் ஒரு பங்கு படம் கிடைக்கும், மோசமில்லை. ஆனால் அன்று பகல் 11 மணி முதல் 1 மணி வரை கொதிக்கும் வெயில். வெயிலிலும் நெரிசலிலும் சிக்கி 5 பேர் உயிர் இழந்தார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவர்கள் பையில் லென்சுக்கு முன்னால் தண்ணீர் பாட்டிலுக்கு இடம் ஒதுக்க வேண்டும்.

போலீசு கேட்டால்?

விமான நிலைய எல்லைக்குள் அனுமதி இல்லாமல் படம் எடுப்பதற்கு 1937-ம் ஆண்டு விமான விதிகளின் 13-வது விதி தடை போடுகிறது. வேலிக்கு வெளியே பொது ரோடு என்றாலும், நீள லென்சோடு ஒருவன் மணிக்கணக்கில் நின்றால் ரோந்து போலீசு விசாரிக்காமல் போகாது. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். எடுத்த படத்தைக் காட்டச் சொன்னால் முறைக்காமல் காட்டுங்கள். பக்கத்து போலீஸ் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

சூலூர், தஞ்சாவூர் விமானப்படைத் தளங்கள், உச்சிப்புளியில் உள்ள கடற்படையின் பருந்து தளம் ஆகியவற்றின் பக்கம் கேமராவைத் தூக்கவே கூடாது. அங்கே 1923-ம் ஆண்டு அரசு ரகசியச் சட்டம் பாயும்.

கிரீஸ் நாட்டுக் கலமாட்டாவில் 2001 நவம்பரில், ராணுவ விமானங்களைப் பார்த்துக் குறிப்பு எடுத்த 12 பிரிட்டிஷ்காரர்களும் 2 டச்சுக்காரர்களும் உளவாளிகள் என்று பிடிபட்டார்கள். 2002 ஏப்ரலில் தண்டனை. அப்பீலில் அதே ஆண்டு நவம்பரில் விடுதலை. விமானம் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு என்று கோர்ட்டுக்குப் புரிய வைக்க ஒரு வருடம் ஆயிற்று!

டெல்லியிலும் நடந்தது. 2010 பிப்ரவரியில் விமான நிலையம் அருகே ஓட்டல் அறையில் தங்கி விமானங்களைக் கவனித்துவந்த 2 பிரிட்டிஷ்காரர்களைப் போலீசார் பிடித்தார்கள். கேமராவும் பைனாகுலரும் மட்டும் வைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். விமானிகளின் பேச்சைக் கேட்கும் ரேடியோக் கருவியும் அவர்களிடம் இருந்தது. இரண்டு மாதம் இழுத்தடித்த பிறகு, ஏப்ரலில் தலைக்கு 25 ஆயிரம் ரூபாய் அபராதம் கட்டிவிட்டு ஊர் திரும்பினார்கள்.

அந்த அபராதத் தொகைக்கு நல்ல 55-250 ஒன்று வாங்கியிருக்கலாம்.