சிவப்பு மீனும் கலங்கிய நீரும்

கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள விக்டோரியா ஏரியை முதன்முதலாகக் காண்போர் கடலென்றே மயங்குவர். ஏறக்குறைய 68,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது அது. ஆயினும் மிக ஆழமான இடத்திலும் ஆழம் 80 மீட்டர் அளவே. அதன் தென்புறத்தில், டான்சானியாவின் முவான்ஸா வளைகுடாவிலுள்ள பாறைத் தீவுகளை ஒட்டி வாழும் ஒரு சிறு மீனைப் பற்றியே இங்குக் கூற விழைகிறோம்.

விரல் நீளமேயுள்ள அம்மீனின் விஞ்ஞானப் பெயரில் முற்பாதி, சுவாஹிலி மொழியில் வரிக்குதிரையைக் குறிப்பது. பிற்பாதி, அந்நாட்டின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரேயின் பெயர். 1985-ஆம் ஆண்டில் இப்பிற்பாதிப் பெயர் சூட்டப்பட்டது. ஆண் மீனின் முதுகு குங்குமச் சிவப்பு. மஞ்சள் விலாவில் கரிய பட்டைகள். பெண் மீனோ மங்கிய நிறத்தது. முட்டைகளைத் தன் வாயிலேயே அடக்கிக்கொண்டு, குஞ்சு பொரித்து நீந்தும்வரை காப்பது அந்தப் பெண் மீன்தான்.

இது சிக்லிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பம் நமக்கு அயலானதன்று. 1952-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பெற்று, இன்று நம் குளங்களிலெல்லாம் மலிந்துவிட்ட ஜிலேபிக் கெண்டை ஓர் ஆப்பிரிக்கச் சிக்லிட்டே. கேரளத்தில் குடியேறிய நம்மவர் உண்டு மகிழும் கரிமீனும் இக்குடும்பத்ததே. ஆனால் விக்டோரியா ஏரியில் மட்டும் இக்குடும்பம் சுமார் 500 இனங்களாகக் கிளைத்தது. ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன் அவ்வேரி வறண்டு, பின்னர் நிரம்பியது என்பர். அதன் பிறகே இத்தனை இனங்களும் தனித்தனியே பிரிந்தன என்றால், உயிரின வரலாற்றில் இது கண்மூடித் திறக்கும் நேரமே.

இவை கலவாமல் தனித்து நிற்பதெப்படி? நம் சிவப்பு மீனுக்கு மிக நெருங்கிய உறவான நீல மீன் ஒன்று, அதே பாறைகளில் சற்று மேல்மட்டத்தில் வாழ்கிறது. இரண்டும் கூடினால் பிறக்கும் குஞ்சுகள் மலடல்ல. அவற்றைப் பிரித்து வைப்பது பெண் மீனின் கண்ணே! சிவப்பு இனப் பெண் சிவந்த ஆணையும், நீல இனப் பெண் நீல ஆணையும் நாடுகின்றன. 1990-களில் ஓலே சீஹவுசன் முதலிய ஆய்வாளர்கள் இதைத் தொட்டியில் சோதித்தனர். வெண்ணிற ஒளியில் பெண் மீன்கள் தம் இனத்தையே தேர்ந்தன. இரு நிறமும் ஒன்றாய்த் தோன்றும் செம்மஞ்சள் ஒளியில் அவ்வேறுபாட்டைக் காணாது தடுமாறின.

இதில்தான் ஆபத்து உள்ளது. கரைகளில் காடுகள் அழிந்தன. மண் அரித்து வந்தது. வயல்களின் உரச்சத்தும் ஊர்களின் கழிவும் ஏரியில் சேர, பாசி பெருகி நீர் கலங்கியது. 1950-களிலும் அதனை அடுத்தும் ஏரியில் விடப்பட்ட நைல் பெர்ச் என்னும் பெருமீன், 1980-களில் பெருகிச் சிக்லிட் இனங்கள் பலவற்றை விழுங்கியதை உலகம் அறியும். அம்மீனால் பிழைத்த குடும்பங்கள் பல்லாயிரம் ஆதலின், அதனை வெறுமே பழித்தலும் நேர்மையன்று. பாறை இடுக்குகளில் வாழ்ந்த மீன்கள் அதன் வாய்க்கு ஓரளவு தப்பின. ஆனால் கலங்கலுக்குத் தப்ப இடுக்கு ஏது? நீர் கலங்கினால் நீலம் முதலில் மறைகிறது. பின்னர் எந்நிறமும் தெளிவாய்த் தெரிவதில்லை. மீன் ஒன்றும் சாகாமலே இனம் அழியும் விந்தை இது.

முவான்ஸா வளைகுடாவின் வாயிலருகே, தெளிந்த நீர் சூழ்ந்த மக்கோபே தீவில், சிவப்பும் நீலமும் இன்னும் இரண்டு இனங்களாகவே வாழக் கண்டனர் ஆய்வாளர். வளைகுடாவின் உட்புறத்தில், கலங்கிய நீரிலுள்ள லுவான்ஸோ தீவில் அவர்கள் கண்டது ஒரே கூட்டம். சில ஆண்கள் சற்றே செம்மை, சில சற்றே நீலம். பெரும்பாலானவை இரண்டுமற்ற மங்கல் நிறம்.