வேலிக்குள் ஒரு புழு

மிருகக்காட்சிசாலைக்குச் செல்வோர் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தை அண்ணாந்து பார்ப்பர். அதன் காலடியிலுள்ள புல்லை எவரும் நோக்குவதில்லை. அதன் உயிருக்குள்ள ஆபத்தோ அப்புல்லில்தான் இருக்கிறது.

ஆப்பிரிக்கச் சமவெளியில் இவ்விலங்கு வேலமரத்தின் உயர்ந்த கிளைகளில் தழை உண்டு, இடம் மாறித் திரிவது. வேலிக்குள் அடைத்தபின், தழை போதாத வேளையில், தான் சாணமிட்ட நிலத்திலேயே குனிந்து மேய்கிறது. அங்கே ஹீமாங்கஸ் என்னும் உருளைப்புழுவின் குஞ்சுகள் பனியீரத்தைப் பற்றிப் புல்லில் ஏறி நிற்கின்றன. நம் அங்கத்தினர்களின் வெள்ளாடு, செம்மறிகளைக் கொல்வதும் இதே புழுவே.

குடற்புழு என்று நாம் சொன்னாலும் அது தங்குமிடம் அசைபோடும் பிராணிகளின் நான்காம் இரைப்பையாகும். அங்கே ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது சுமார் 0.05 மில்லி லிட்டர்தான். ஆயிரம் புழுக்கள் சேர்ந்தால் 50 மில்லி லிட்டர். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைகளுக்குக் குறையாமல் இடக்கூடும்.

ஆட்டின் கண்ணிமையை விலக்கி, வெளுத்திருப்பதைக் கண்டு இரத்தக் குறைவை அறியலாம். மானை அவ்வாறு பிடித்துப் பார்த்தல் அரிது. பிடிபட்ட அச்சத்தாலும் ஓட்டத்தாலுமே மான் மடிவதுண்டு. எனவே மருத்துவர்கள் சாணத்தைச் சோதிக்கின்றனர். நிறுத்தெடுத்த சாணத்தை உப்புக் கரைசலில் கலக்கினால் முட்டைகள் மிதக்கும். கோடிட்ட கண்ணாடிச் சில்லில் அவற்றை எண்ணுவர். 1939-ல் ஆஸ்திரேலியாவில் செம்மறிகளுக்காக வகுக்கப்பட்ட முறை இது.

மருந்து இல்லையோ எனலாம். 1961-ல் தயாபென்டசோல் வந்தது; 1964-லேயே அதற்கு மசியாத புழுக்கள் அமெரிக்கச் செம்மறிகளில் காணப்பட்டன. 1981-ல் வந்த ஐவர்மெக்டினுக்கும் பின்னர் அக்கதியே நேர்ந்தது. பிளாரிடாவில் அடைத்து வளர்த்த ஒட்டகச்சிவிங்கியிடமும் பல மருந்துகளுக்கு அசையாத புழுக்கள் கண்டறியப்பட்டுள்ளன. எல்லா விலங்குகளுக்கும் அடிக்கடி ஒருசேர மருந்து ஊட்டினால், தப்பிய புழுக்களே இனம் பெருக்குகின்றன.

சங்கக் கடனில் வாங்கிய ஆடுகள் அனைத்துக்கும் ஒரே நாளில் மருந்து புகட்டுமாறு நாமும் பல ஆண்டுகள் வற்புறுத்தி வந்தோம். பதிவேட்டில் எழுத அது எளிதாயிருந்தது! பிழையென்று இப்போது ஒப்புகிறோம்.

கவனமுள்ள காட்சிசாலைகளில் சாணத்தை அன்றாடம் வாரிவிடுகின்றனர். தழையை உயரத்தில் தொங்கவிடுகின்றனர். முட்டை மிகுந்த விலங்குக்கே மருந்தளித்து, சுமார் 14 நாட்களில் மறுபடி எண்ணுகின்றனர். முதலிரண்டும் நம் அங்கத்தினர்களுக்குச் செலவில்லாதவை. மூன்றாவதற்கு, அன்று காலை இட்ட புழுக்கையைப் பொட்டலமாகக் கட்டி, எந்த ஆட்டினுடையது என்று குறித்து, கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் செல்லவேண்டும். பழைய புழுக்கை உதவாது. அதற்குள் முட்டை பொரித்துவிடும்.