மொரீஷியஸில் குடித்தனமா? கவலையை விடுங்க!

கணவருக்கு மொரீஷியஸில் வேலை என்று ஆர்டர் வந்துவிட்டதா? ‘அங்கே நம்ம சாப்பாடு கிடைக்குமா? குழந்தை என்ன சாப்பிடும்? மாமியாருக்கு வேற சுகர் ஆச்சே!’ என்று புலம்பிக்கொண்டே மூட்டை மூட்டையாகப் பொடி இடிக்கத் தொடங்கிவிட்டீர்களா?

கொஞ்சம் நிறுத்துங்கள். நம் சாப்பாடு கிடைக்காமல் அந்தத் தீவில் யாரும் இளைத்துப் போவதில்லை. உண்மையைச் சொன்னால், வாய்க்கு ருசியாக எல்லாமே கிடைப்பதுதான் அங்கே பிரச்னை!

மார்க்கெட்டில் ஒளிந்திருக்கும் தமிழ்

மொரீஷியஸ்வாசிகளில் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர். 1834 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்களின் சந்ததி. தமிழர்கள் அதற்கும் முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சீனர்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். எல்லோரும் பேசுவது கிரியோல் மொழி.

தலைநகர் போர்ட் லூயியின் சென்ட்ரல் மார்க்கெட்டுக்குப் போய்ப் பாருங்கள். ‘பிப்பங்காய்’ என்பார்கள்... அட, நம்ம பீர்க்கங்காய்! ‘காரிப்பூலே’ என்றால் கறிவேப்பிலை. ‘முரூம்’ என்றால் முருங்கை. சௌசௌவுக்கு ‘ஷூஷூ’. ‘பிரெட்’ என்று கேட்டால் ரொட்டி தரமாட்டார்கள், அது கீரை! ‘பிரெட் முரூம்’ முருங்கைக்கீரை, ‘பிரெட் மார்த்தென்’ மணத்தக்காளிக்கீரை. கல்யாணத்திலும் கோயில் விசேஷத்திலும் வாழையிலையில் ஏழு கறிகளோடு சாப்பாடு போடுவார்கள். கூடவே ‘ரஸோன்’ வந்தால் திகைக்காதீர்கள், அது நம்ம ரசம்தான்.

ருசியில் இருக்கிறது சூட்சுமம்

தெருவுக்குத் தெரு ‘டோல் பூரி’ விற்பார்கள். மைதா மாவுக்குள் வேகவைத்து அரைத்த பருப்பை வைத்துத் திரட்டி, ஜோடியாகத் தருவார்கள். மசால் வடைக்கு அண்ணன் தம்பி போல ‘காத்தோ பிமா’. அதை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்துக் காலை டிபனாகவே சாப்பிடுகிறார்கள். மாலையில் சீனக் கடையின் ‘மீன் ஃப்ரீர்’. பெயரைப் பார்த்து சைவக்காரர்கள் பதற வேண்டாம், அது நூடுல்ஸ்! ஆனால் முட்டையோ கறியோ சேர்த்திருப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். தாகத்துக்கு சப்ஜா விதை போட்ட இனிப்புப் பால், ‘அலூடா’.

மைதா, எண்ணெய், உப்பு, சர்க்கரை... ஒரே நாளில் நாலும் உள்ளே போய்விடும். அங்கே பெரியவர்களில் சுமார் ஐந்து பேரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதை மறக்கக் கூடாது.

அதே தீவு ஒரு நல்ல பாடமும் சொல்கிறது. மானிய விலையில் விற்கும் ரேஷன் எண்ணெயில் பெரும்பகுதி பாமாயிலாக இருந்தது. 1987-ல் அரசு அதைச் சோயா எண்ணெயாக மாற்றியது. உடல்நலப் பிரசாரமும் நடந்தது. 1992-ல் பரிசோதித்தபோது மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் சுமார் 213-லிருந்து 182-க்கு இறங்கியிருந்தது! இதில் எண்ணெய் மாற்றத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்றார்கள் ஆய்வாளர்கள். சமையலறையில் ஒரு மாற்றம் என்ன செய்யும், பாருங்கள்!

நீங்கள் செய்ய வேண்டியது

* தட்டில் பாதி காய்கறி, கீரை. கால் பங்கு சோறு. மீதிக் கால் பங்கு பருப்பு அல்லது மீன். டோல் பூரியும் அலூடாவும் என்றைக்காவது ஒரு நாள் போதும். சுகர்காரர்கள் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாகற்காயை நம்பக் கூடாது.

* தெரிந்தவர் பாறைப் பக்கம் பிடித்தது என்று பெரிய மீனைக் கொடுத்தால் யோசியுங்கள். பவளப்பாறை மீன்கள் சிலவற்றில் ஒருவித நச்சு சேர்ந்திருக்கும். கொதிக்க வைத்தாலும், ஃப்ரீஸரில் வைத்தாலும் அது போகாது. மீன் சாப்பிட்டபின் வாந்தி, வயிற்றுப்போக்கு, உதடு மரத்துப்போவது என்றால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

* செடி, விதை, பச்சைக் காய்கறிகளை அனுமதியில்லாமல் கொண்டுபோகக் கூடாது. மிக்ஸி தாராளமாக எடுத்துப் போகலாம். மின்சாரம் நம்மைப் போல 230 வோல்ட்தான். பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும்.

* ஜூலை, ஆகஸ்ட்டில் அங்கே குளிர்காலம். க்யூர்பீப் போன்ற மேட்டுப் பகுதியில் வீடு என்றால் இட்லி மாவு சீக்கிரம் பொங்காது. முதல் நாள் மதியமே அரைத்து, கதகதப்பான இடத்தில் வையுங்கள்.

* நவம்பரிலிருந்து மே வரை புயல் காலம். புயலுக்குப் பிறகு காய்கறி விலை எகிறும். அரிசி, பருப்பு, குடிநீர், வழக்கமான மாத்திரைகள் எல்லாம் கைவசம் இருக்கட்டும்.

ஆகவே, பொடி இடிக்கும் நேரத்தில் பாதியைக் கிரியோலில் காய்கறிப் பெயர்கள் கற்பதற்கு ஒதுக்குங்கள். ‘பிரெட் முரூம்’ என்று கேட்கத் தெரிந்துவிட்டால் போதும், மாமியாருக்கான பத்தியச் சாப்பாடு உள்ளூர் மார்க்கெட்டிலிருந்தே வந்துவிடும்!